மேலடுக்கு

ஆறு வயதில்
அப்பாவின் சட்டைக்கையைத் தொட்டு
“பச்சைக் கறை” என்றேன்.
சாப்பாட்டு மேசையில் யாரும் பேசவில்லை.
கரண்டி ஒன்று மட்டும்
கிண்ணத்தில் இடித்து ஓய்ந்தது.

அது அயோடின். பழுப்பாம்.

அன்றிலிருந்து நிறங்களின் பெயர்களை
அடுத்தவரிடம் கைமாற்றாக வாங்கித்தான்
காலம் ஓட்டுகிறேன்.
எந்தப் பழம் பழுத்தது,
எந்த விளக்குக்கு நிற்க வேண்டும்,
இந்தக் குடை உன்னுடையதா.

எங்கள் ஊர் ஷிராகோ.
மேலே வெங்காய வயல்,
அடியில் படுத்திருக்கிறது ஒரு பழங்கடல்.
அது மூச்சு விட்டால்
வாய்க்கால் தண்ணீரில் கொப்புளம் வரும்.
ஆலையில் அந்த உவர்நீரை மேலே இழுத்துக்
குளோரினைக் கலப்பார்கள்.
அயோடைடு தன் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு
அயோடினாக வெளியே வரும்.

“வலுத்தவன் வந்தால்
இளைத்தவன் எழுந்துகொள்ள வேண்டும்”
என்பார் அப்பா.
பத்தொன்பது வருடச் சம்பளம் அந்த ஒரு வாக்கியத்தில்.
பாடப்புத்தகத்தில் பார்த்தேன்:
உருவத்தில் பெரியது அயோடின்தான்.
பெருத்த உடம்பு, தளர்ந்த பிடி.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.

நவம்பர் மாதம். வேதியியல் கூடம். மூன்றாவது மேசை.
என் கூட்டாளி அரிசாகா நவோ.
பெயர் ஒட்டாத மூன்று சோதனைக்குழாய்,
மூன்றிலும் நிறமற்ற கரைசல்:
குளோரைடு, புரோமைடு, அயோடைடு.
எது எது என்று சொல்ல வேண்டும்.

குளோரின் நீரைச் சொட்டினேன்.
வெளிர்பச்சை என்கிறது புட்டி.
எனக்கு அது தண்ணீர்.

முதல் குழாயில் ஒன்றுமில்லை.
தன்னைத் தானே விரட்ட முடியுமா குளோரின்?
இரண்டாவதில் “ஆரஞ்சு” என்றாள் நவோ.
மூன்றாவதில் “பழுப்பு.”
எழுதிக்கொண்டேன், சொன்னபடி.
என் கண்ணுக்கு இரண்டும் தேநீர்,
ஒன்று கொஞ்சம் அதிகமாகக் கொதித்தது.

புரோமின் வாடை ஏறி நவோ தும்மினாள்,
மீண்டும் தும்மினாள், சன்னலுக்கு ஓடினாள்.
நான் மேசையைத் துடைத்தேன்,
குழாய்களைத் தூக்கினேன், வைத்தேன்.
வைத்த பிறகுதான் உறைத்தது:
எந்தத் தேநீர் எந்தத் துளையில் இருந்தது?

நவோவைக் கூப்பிட்டிருக்கலாம்.
அவள் முதுகு தெரிந்தது, கைக்குட்டை தெரிந்தது.
வாய் வரைக்கும் வந்தது பெயர்.

கூப்பிடவில்லை.
இரண்டிலும் சைக்ளோஹெக்சேனை ஊற்றினேன்.
அடைத்தேன். குலுக்கினேன். நிறுத்தினேன்.
நீரோடு சேராத அந்தத் திரவம்
மெல்ல மேலேறி, தனியாகப் படிந்து,
தனக்கு வேண்டியதை இழுத்து வைத்துக்கொண்டது.

ஒன்றின் மேலடுக்கில் அதே மஞ்சள் கடுகு.
மற்றதில்

நீலம்.

சாயங்காலக் கடல் இருட்டும் முன் இருக்குமே, அப்படி.
யாரும் சொல்லாத நீலம்.
திருப்பித் தர வேண்டாத நீலம்.

“அயோடைடு இதுதான். மேலடுக்கு நீலம்”
என்று எழுதினேன், அழுத்தி,
அடுத்த பக்கத்திலும் தடம் விழும்படி.

மூக்கைத் துடைத்தபடி வந்தாள் நவோ.
குழாயைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.
“ஊதா” என்றாள் மெதுவாக,
அழிப்பானை என் பக்கம் நகர்த்தினாள்.
அது இரண்டு தாளுக்கும் நடுவில்
மணி அடிக்கும்வரை கிடந்தது.

வியாழக்கிழமை தாள் திரும்பி வந்தது.
முழுச் சரிக்கு வட்டம் போடுவார் ஆசிரியர்.
என் விடைக்கு முக்கோணம். பாதி மதிப்பெண்.
சிவப்பு மையாம் அது.

இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பாவிடம்
தாளை நீட்டினேன்.
காலுறையைக் கழற்றிக்கொண்டே படித்தார்.
“ஊதாவா, நீலமா,
யார் கண்டது?
எங்களுக்கு எல்லாம் குழாய்க்குள்ளே ஓடுகிறது.
நான் பார்ப்பது அளவுமானியின் முள்ளை.”

பிறகு, காலுறையைக் கையில் வைத்தபடி,
“எப்படி இருந்தது?” என்றார்.